ஸ்கைர்மியன் ஏன் நிலைக்கவில்லை?

கண்டியில் முதுமாணி ஆய்வு செய்யும் வாசகர் கேட்கிறார்: பிளாற்றினம் 3, கோபாற்று 0.7, தந்தாலம் 4 நனோமீற்றர் என 15 தரம் அடுக்கினேன். காந்தத் தடம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறும் வரைகோடு) சதுரமாக வருகிறது. ஸ்கைர்மியன், அதாவது காந்தத் திசைகள் சுழன்றமைந்த நுண்சுழல், ஒன்றையும் காணோம். தென்மேற்குப் பருவமழையில் செய்த மாதிரி செங்குத்துக் காந்தத்தன்மையையே இழந்துவிட்டது. என்ன செய்வது?

சதுரத் தடமே காரணத்தைச் சொல்கிறது. கோபாற்று மெலிந்தால் செங்குத்து அனைசோட்ரபி, அதாவது காந்தத்தைப் படலத்துக்குச் செங்குத்தாகவே நிறுத்தும் விருப்பம், ஏறும். காந்தச் சுவர் (எதிரெதிர்த் திசையில் காந்தமான பகுதிகளுக்கு இடையிலான எல்லை) உருவாக அதிக ஆற்றல் வேண்டும்; சுவரின்றி ஸ்கைர்மியனும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அயல் காந்தத் திசைகளை ஒரே பக்கம் நிறுத்தும் பரிமாற்ற விறைப்பு மீற்றருக்கு 10 பிகோயூல், அனைசோட்ரபி கன மீற்றருக்கு 0.8 மெகாயூல் என்றால், இரண்டின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கச் சதுர மீற்றருக்கு 11.3 மில்லியூல். அயல் காந்தத் திசைகளை இடமோ வலமோ ஒரே பக்கமாகச் சுழற்றும், கைச்சார்புள்ள ட்சியலோஷின்ஸ்கி-மோரியா இடைவினை சதுர மீற்றருக்கு 1.3 மில்லியூல் என்றால், அதன் பை மடங்காக 4.1தான் கழியும். அனைசோட்ரபி 0.2 ஆக இறங்கினால் முதல் எண் 5.7, சுவரின் செலவு 1.6 மட்டுமே. ஆகவே இடைவினையைக் கூட்ட அலையாமல், முதலில் கோபாற்றின் தடிப்பைச் சரிசெய்யுங்கள்.

கோபாற்றுக்கு மட்டும் மாதிரித் தாங்கியின் சுழற்சியை, ஒவ்வொரு தரமும் அதே கோணத்தில் நிறுத்தி, 0.7 இலிருந்து 1.2 வரை சரிவாகப் படியவிடுங்கள். தடம் சாய்ந்து, சுழியப் புலத்தில் எஞ்சும் காந்தம் குறையும் இடமே உங்களுக்கு வேண்டியது. 2016இல் அறைவெப்பத்தில் ஸ்கைர்மியன் காட்டப்பட்ட இதே உலோக அடுக்கில் கோபாற்று 0.9. தந்தாலத்துக்குப் பதில் மேலேயும் பிளாற்றினம் போடாதீர்கள். இரு முகங்களின் இடைவினையும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

படலத்தைச் செங்குத்தாக நிறைவுறச் செய்து, புலத்தைச் சுழியத்துக்கு இறக்குங்கள். நெளிகோடுகள் தோன்றும். பிறகு 5 மில்லிதெஸ்லாப் படிகளில் ஏற்ற, அவை சுருங்கிப் புள்ளிகளாகும். காந்த முனையால் பரப்பை வருடிப் படமெடுக்கும் நுணுக்குக்காட்டிக்குக் குறைந்த காந்தமுள்ள முனையே போடுங்கள். இரு தரம் வருடும்போது புள்ளிகள் நகர்ந்தால் முனைதான் இழுக்கிறது. வட்டமாக இருப்பதாலேயே ஸ்கைர்மியன் என்று எழுதிவிடவும் கூடாது, சுழலும் பக்கம், அதாவது கைச்சார்பு, அந்தப் படத்தில் தெரியாது.

மழைக்கால மாதிரியில் நான் சந்தேகிப்பது நீராவியை. மூட்டத்தில் படலம் படியவிடும் வெற்றிட அறையைத் திறந்தால் சுவரெல்லாம் நீர் ஒட்டும். அது கோபாற்றை ஒட்சியேற்றும். உலர்ந்த நைதரசனால் மட்டும் அறையை நிரப்பித் திறவுங்கள். மூடியபின் இரவு முழுக்கச் சூடாக்குங்கள். மாதிரியை மறைக்கும் தட்டியை மூடியபடி தந்தாலத்தைப் 10 நிமிடம் தெறிக்கவிட்டால் மிச்ச நீரை அது பிடித்துக்கொள்ளும். கடைசித் தந்தாலத்தின் மேல் பிளாற்றினம் 3 நனோமீற்றர் மூடி இடுங்கள்; தந்தாலத்தை மட்டும் மேலே விட்டால் அதன் மேற்பகுதி காற்றில் ஒட்சைட்டாகிவிடும். மாதிரிகளைச் சிலிக்கா ஜெல் பெட்டியில் வையுங்கள்; குளிரிலிருந்து எடுத்து வந்தால், பெட்டி அறைவெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள்.