பேருந்திலும் கதிரையிலும் கழியும் நாள்

கேள்வி: நான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சியிலுள்ள அலுவலகமொன்றுக்கு நாளாந்தம் பேருந்தில் சென்று வருகிறேன். வயது 42. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஆறு மணிக்குப் புறப்பட்டால், வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பத்து மணிக்கு இரண்டு றோல்ஸ், நாள் முழுவதும் ஐந்து தேநீர். வழியில் கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பது குறைவு. அண்மையில் வெறும் வயிற்றில் பரிசோதித்தபோது இரத்தச் சீனி 118 என்று வந்தது. உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். எனக்கு நேரம் எங்கே? - வாசகி, வவுனியா

பதில்: சகோதரி, நான்கு மணிக்கு எழும்பும் உங்களை மூன்றரைக்கு எழும்பி நடக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. உறக்கம் குறைந்தால் இன்சுலினின் வேலை மந்தமாகும், இனிப்பின் மீது நாட்டமும் கூடும். 118 என்பது நீரிழிவுக்கு முந்திய நிலை. 126 அல்லது அதற்கு மேல் வந்து, மறுமுறை பார்க்கும்போதும் அவ்வாறே இருந்தால்தான் நீரிழிவு என்பார்கள். ஆகவே இதைத் திருத்திக்கொள்ள உங்களுக்கு இன்னும் இடமுண்டு. அந்தத் திருத்தத்தை அலுவலக நேரத்துக்குள்ளேயே தொடங்கலாம்.

முதலில் தேநீரைப் பாருங்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றாலும் ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி, அதாவது 40 கிராமுக்கு மேற்பட்ட சீனி. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் அலுவலகங்களில் தேநீர் சீனி கலக்கப்பட்டே தட்டில் வந்துவிடுவதால், எவ்வளவு குடிக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். றோல்ஸுக்குப் பதிலாக, முதல் நாள் இரவே ஊறவிட்டு அவித்த கௌபியையோ பயறையோ தேங்காய்ப்பூவுடன் சிறு டப்பாவில் கொண்டுபோங்கள். வன்னியில் விளையும் தானியத்தை விட்டுவிட்டு எண்ணெயில் பொரித்த மாவை உண்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வழக்கம். மதியப் பெட்டியில் சோறு கால் பங்காகவும், கீரையும் மரக்கறியும் பாதியாகவும், மீதி பருப்பு, மீன் அல்லது முட்டையாகவும் இருக்கட்டும். சோறு சிவப்பரிசியானால் நல்லது. உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தண்ணீர் விடயத்தில்தான் உங்கள் கடிதம் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. வன்னி வெயிலில் தண்ணீரைத் தவிர்ப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவிடும். எழுந்தவுடன் ஒரு குவளை குடித்து, புறப்படுமுன் கழிப்பறைக்குச் சென்று வாருங்கள். அலுவலகத்தை அடைந்ததிலிருந்து மூன்று மணி வரை சிறுகச் சிறுக ஒன்றரை லீற்றர் அளவில் குடித்துவிட்டு, பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னர் குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கொள்ளலாம். அலுவலகக் கழிப்பறை பயன்படுத்தத்தக்கதாக இல்லையென்றால், பெண் உத்தியோகத்தர்கள் ஒன்றுசேர்ந்து எழுத்தில் கேட்பதில் தயங்க வேண்டாம்.

நடைக்கு வருவோம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலியக்கம் தேவை. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. அலுவலகக் கோவைகளை மற்றவரிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே எடுத்துச் செல்லுங்கள், மணிக்கொரு முறை கதிரையை விட்டு எழும்புங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வளவுக்குள்ளேயே பதினைந்து நிமிடம் சற்று வேகமாக நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சீனி மட்டுப்படும். இதுவே வாரத்தில் 105 நிமிடமாகும். மீதி 45 நிமிடத்தை ஞாயிறு மாலை சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்தில் அரசாங்க வைத்தியசாலையில் மீண்டும் இரத்தத்தைச் சோதியுங்கள். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள். அதற்கிடையில் தாகம் மிகுந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, இரவில் அடிக்கடி சிறுநீர் போனாலோ, மூன்று மாதம் வரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.