கிஸ்ஸா என்றால் நீதிக்கதையா?

கேள்வி: எங்கள் உம்மம்மா யூசுபு நபி கிஸ்ஸா சொல்லித்தான் எங்களைத் தூங்க வைப்பார்கள். கிஸ்ஸாவும் நீதிக்கதையும் ஒன்றுதானா? சிலர் ‘ஹிஸ்ஸா’ என்கிறார்களே, எது சரி? (வாசகி, கீழக்கரை)

பதில்: ஹிஸ்ஸா வேறு சொல். அதற்குப் பங்கு, பாகம் என்று பொருள். கதைக்குக் கிஸ்ஸாதான் சரி. எழுதும்போது ‘கிசா’ என்று குறுக்கிவிடாதீர்கள். அரபி வேரிலேயே காஃப் என்ற எழுத்துக்குப் பின் ஸாத் என்ற எழுத்து இரண்டு முறை வருகிறது.

அந்த வேருக்குக் காலடித் தடத்தைப் பின்பற்றிப் போவது என்ற அழகான பொருள் உண்டு. ஈர மணலில் நண்டு ஊர்ந்த கோட்டைப் பிடித்துக்கொண்டே அதன் வளைவரை போகிறோமே, அதுதான். நடந்ததை நடந்த வரிசையிலேயே தொடர்ந்து சொல்வதால் கதைக்கும் அந்தப் பெயர் வந்தது. திருக்குர்ஆன் 18:64இல் மூஸா நபி வந்த தடத்திலேயே திரும்பும் இடத்தில் தடப்பொருளும், யூசுபு அத்தியாயத்தில் 12:3இல் கதைப்பொருளும் வருகின்றன.

ஆகவே கிஸ்ஸா என்ற சொல்லுக்குள் நீதி இல்லை. படிப்பினைக்குத் தனிச்சொல் இப்ரத். 12:111 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: அவர்களின் வரலாறுகளில் அறிவுடையோருக்கு இப்ரத் உண்டு என்று. உம்மம்மா சொன்னது இப்ரத் உள்ள கிஸ்ஸா. அதை நீதிக்கதை என்று தாராளமாகச் சொல்லலாம். தமிழ் முஸ்லிம் புலவர்கள் கிஸ்ஸாவைத் தனி இலக்கிய வகையாகவே பாடினார்கள். கேள்வியும் பதிலுமாகப் போனால் அது மசலா. போரைப் பாடினால் படைப்போர்.