செயற்கைத் தளத்தில் பந்தயக் குதிரைகள் சாவது குறைவு என்றால் அமெரிக்காவில் பல மைதானங்களில் ஏன் அதை அகற்றினார்கள்?

பாதுகாப்பு மட்டுமே கணக்கு என்றால் அகற்றியிருக்க மாட்டார்கள். அமெரிக்கக் குதிரைப் பந்தய அமைப்பான ஜாக்கி கிளப் திரட்டும் புள்ளிவிவரத்தில் ஆயிரம் ஓட்டத்துக்கு எத்தனை சாவு என்று பார்த்தால், ஆண்டுக்கணக்காக மண் தளத்தைவிட இதில் குறைவுதான்.

செயற்கைத் தளம் என்பது மணல், செயற்கை இழை, ரப்பர் துணுக்கு எல்லாவற்றையும் மெழுகில் புரட்டிய கலவை. அள்ளிப் பிடித்தால் லேசாகப் பிசுபிசுக்கும். மழைத் தண்ணீர் அடியில் வடிந்துவிட வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் வெயில் ஏறினால் மெழுகு இளகும், காலையில் இருந்த தளம் மதியம் இருக்காது.

கலிஃபோர்னியா 2006-இல் பெரிய மைதானங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அங்குள்ள சான்டா அனிடா மைதானத்தில் போட்ட தளத்திலோ தண்ணீரே வடியாமல் பந்தயங்கள் ரத்தாயின (மழைத் தண்ணீர் வடிய வேண்டிய தளம்!), 2010-இல் மண்ணுக்கே திரும்பினார்கள்.

அப்புறம் பணம். 2008-இல் பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற பெரிய பந்தயம் சான்டா அனிடாவின் செயற்கைத் தளத்தில் நடந்தது; மண்ணில் கொடிகட்டிப் பறந்த கர்லின் என்ற குதிரை நான்காவதாக வர, புல்தரையில் ஓடிப் பழகிய ரேவன்ஸ் பாஸ் ஜெயித்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பி மண்ணில்தான் நடக்கிறது, அதற்காகவே குதிரை வளர்ப்பவர்களுக்கு இது எப்படிப் பிடிக்கும்? என்னைக் கேட்டால், தளத்தைவிட அவசரமும் மோசமான பராமரிப்பும்தான் இதைக் கெடுத்தன.