அணு உளவும் ஒரு இயற்பியலாளரும்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். அணு ஆயுத உளவுப் பணியில் இயற்பியலாளர்கள் இருப்பதாக அறிந்தேன். அது ஆராய்ச்சியில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம்தானே? பெயர் கிடைக்குமா? பிறகு ஆராய்ச்சிக்குத் திரும்ப முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெயர் கிடைக்காது. அந்தக் கேள்வியை விடுங்கள்.

"தேறாதவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. சாமுவேல் கௌட்ஸ்மிட் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறார். 1925-இல் ஊலன்பெக்குடன் சேர்ந்து எலக்ட்ரானின் தற்சுழற்சியை முன்வைத்தவர். தேர்வுக்காக உருப்போட்டிருப்பீர்கள். அந்த மனிதர் பிறகு என்ன செய்தார் என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லையா? சில நாட்களாக நான் அவரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

ஹிட்லரிடம் அணுகுண்டு இருக்கிறதா என்று கண்டறிய அமெரிக்கா அனுப்பிய 'அல்சோஸ்' குழுவின் அறிவியல் தலைவர் அவர். 1944 நவம்பரில், ஜெர்மானியர் வசமிருந்த பிரெஞ்சு நகரமான ஸ்ட்ராஸ்பர்க் நேச நாட்டுப் படைகளிடம் பிடிபட்டபோது, ஜெர்மன் அணு ஆராய்ச்சியின் முன்னணி இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் நெருங்கிய சகாவான வைட்ஸேக்கரின் காகிதங்கள் சிக்கின. சிப்பாய்கள் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கௌட்ஸ்மிட் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தார். விஞ்ஞானிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட சாதாரணக் கடிதங்கள், துண்டு துண்டான கணக்குகள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஜெர்மானியர்கள் அணு உலையையே இன்னும் இயக்கவில்லை; குண்டு இல்லை.

இதை எளிதான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது என்று சொல்ல ஒரு தடயம் கிடைத்தால் போதும். இல்லை என்று சொல்பவனுக்கு, இருந்திருந்தால் என்னென்ன தென்பட்டிருக்கும் என்பது முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் கம்பெனி ஒன்று பிரான்ஸிலிருந்து தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தை அள்ளிக்கொண்டு போனது தெரிந்ததும், குண்டுக்காகத்தான் என்று பயந்தார்கள். விசாரித்தால், போர் முடிந்ததும் தோரியம் கலந்த பற்பசை விற்பதற்காம்!

கௌட்ஸ்மிட்டின் பெற்றோர் ஹேக் நகரத்து யூதர்கள். நாஜி முகாமிலிருந்து அவர்கள் எழுதிய கடைசிக் கடிதம் 1943-இல் அவருக்கு வந்தது. அவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். ஜெர்மனியைப் பற்றி எவ்வளவு கொடியதையும் நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. அப்படிப்பட்டவர்தான் குண்டு இல்லை என்று எழுதினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஈராக்கில் நடந்ததையும் பாருங்கள். சதாம் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்குப் பொருந்தாது, ராக்கெட்டுக்குத்தான் என்று அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்கள் 2002-இலேயே சொன்னார்கள். மேலிடம் காதில் வாங்கவில்லை. 2003 மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது. அந்த நிபுணர்களையும் தேறாதவர்கள் என்பீர்களா?

திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கௌட்ஸ்மிட் திரும்பினார். நீங்கள் கட்டுரை அனுப்ப ஆசைப்படும் 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழை 1958-இல் தொடங்கியவர் அவர்தான். நீங்கள் முதலில், கதிரியக்கப் பொருளை அடையாளம் காட்டும் காமா நிறமாலைப் பரிசோதனையை ஒப்புக்குச் செய்து நோட்டை நிரப்பாமல், உட்கார்ந்து ஒழுங்காகச் செய்யுங்கள்.

அன்புடன்