எழுதிக் கேட்டீர்களா, வாயால் கேட்டீர்களா?

கேள்வி: தலைமைக் காவலராக இருக்கிறேன். விடுப்பு கேட்டதில் தொடங்கிய பகை. லாரி ஓட்டுநரிடம் பணம் வாங்கியதாக ஆய்வாளர் ஆள் பிடித்து 3(பி) சார்ஜ் (டிஸ்மிஸ் வரை போகக்கூடிய துறைக் குற்றச்சாட்டு) போட வைத்துவிட்டார். ஆரம்ப விசாரணை வாக்குமூலங்களின் நகல் கேட்டபோது, "இங்கேயே உட்கார்ந்து படிச்சுக்கோ" என்றார் விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி. குற்றச்சாட்டு நிரூபணம் என்று அறிக்கை வந்துவிட்டது. பதில் எழுத 15 நாள். நேராக உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: உங்கள் கடிதம் முழுக்க ஆய்வாளர்தான். பழிவாங்கினார் என்று ரிட்டில், அதாவது உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவில், சொன்னால் அவரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும். விட்டுவிடுங்கள்.

உங்களிடம் உள்ள ஒரே சரக்கு அந்த நகல். 1986-ல் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச எஸ்.பி. ஒருவரின் வழக்கில், நகல் தராமல் பார்வையிட மட்டும் விட்டது போதாது என்று டிஸ்மிஸ் உத்தரவையே ரத்து செய்திருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டீர்களா? நீதிமன்றம் பார்ப்பது கோப்பைத்தான்.

என்னிடம் ஒரு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) வந்தார். ஐந்து சாட்சிகளின் வாக்குமூலத்துக்குக் கீழும் 'குறுக்கு விசாரணை இல்லை', அதன் கீழே அவர் கையெழுத்து. "ஐயா பார்த்துக்கறேன்னு சொன்னார் சார்" என்றார். நீதிபதி அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டியபோது என்னிடம் பதில் இல்லை. காவலர்கள் விழும் குழி இதுதான். மேலதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டே பழகிய கை.

எழுதிக் கேட்டிருந்தாலும் பாதிக் கிணறுதான். நகல் இல்லாததால் எந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் போனது என்று காட்ட வேண்டும். ஓட்டுநர் முதலில் 'ஆளை அடையாளம் தெரியாது' என்று சொல்லியிருந்தாரா? அப்படியானால் அந்த வரிதான் உங்கள் வழக்கு. 15 நாளுக்குள் பதிலில் அதை எழுதி, நகலோடு அவரை மறுபடி குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேளுங்கள். தண்டனை உத்தரவே வராமல் ரிட் போட்டால், 'இன்னும் காலம் கனியவில்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் பதில் எழுதும் கெடுவும் போய்விடும்.

ஜெயித்தால் மட்டும்? பெரும்பாலும், குறை நேர்ந்த கட்டத்திலிருந்து மறுபடி விசாரி என்றுதான் உத்தரவு வரும். சில வருடம் ஓடியிருக்கும், உங்கள் பேட்ச் ஆட்கள் எஸ்.எஸ்.ஐ. ஆகியிருப்பார்கள். அதனால் பச்சையாகவே சொல்கிறேன்: திரண்ட பயனில்லாத (பிற்காலச் சம்பளத்தைத் தொடர்ந்து பாதிக்காத) ஊதிய உயர்வு நிறுத்தத்தோடு எஸ்.பி. முடித்தால், வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். டிஸ்மிஸ், கட்டாய ஓய்வு என்று வந்தால் டி.ஐ.ஜி.யிடம் மேல்முறையீடு, அப்புறம் உயர் நீதிமன்றம்.

பதிலில் குடும்பச் சூழ்நிலையைச் சொல்லிக் கருணை கேட்கலாம். 'தவறு நடந்துவிட்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்கள். நகல் கேட்டு மனு கொடுத்திருந்தால், நிலைய முத்திரை விழுந்த பிரதியைத் தேடி எடுங்கள்.