தொலைக்காட்சித் தொடரில் கற்ற ராணுவச் சொற்கள் ஆள்சேர்ப்புக்கு உதவுமா?

கேள்வி: அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் என் மகன், அமெரிக்க ராணுவத் தொடர்களைப் பார்த்து அவற்றில் வரும் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறான். ‘ராணுவ மொழிப் பயிற்சி’க்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார் ஒருவர். கட்டலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: கட்ட வேண்டாம். இணையவழித் தேர்வில் பொது அறிவு, அறிவியல், கணிதம் போன்றவைதான் வரும். அதன் பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டமும் புல்-அப்பும் மருத்துவப் பரிசோதனையும். ராணுவப் பேச்சுவழக்கை எங்கும் கேட்பதில்லை.

மேலும், உங்கள் மகன் எழுதி வைத்திருப்பது வேற்றுநாட்டுப் படையின் பேச்சு. அங்கே சார்ஜென்ட் என்றால் நம் தரைப்படையில் ஹவில்தார். அவருக்கு மேலுள்ள சுபேதாரைச் ‘சாப்’ (ஐயா) என்றழைப்பதே இங்கு மரபு.

வயர்லெஸ் பேச்சு மட்டும் விதிவிலக்கு. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக வரும் 26 சொற்களை நம் படைகளும் பயன்படுத்துவதால், அவற்றைப் படித்து வைப்பதில் நட்டமில்லை. ஆனால் அதிலும் தொடர்கள் பிழையாகவே கற்பிக்கின்றன: ‘ஓவர்’ என்றால் உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன், ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது, ஆகவே இரண்டையும் சேர்த்துச் சொல்வது அபத்தம். ‘ரோஜர்’ என்பது செய்தி கிடைத்தது என்பதோடு நிற்கும். அதன்படி செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’. சரியாகக் கேட்கவில்லையென்றால் ‘சே அகெய்ன்’ என்றுதான் கேட்க வேண்டும், ஏனெனில் பீரங்கிப் படையில் ‘ரிப்பீட்’ என்றால் மறுபடியும் சுடு என்று பொருள். இவையெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு, அதுவும் வயர்லெஸ் கருவியைக் கையில் எடுப்பவருக்கே தேவைப்படும்.

பயிற்சி மையத்தில் முதலில் காதில் விழப்போவது சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (இயல்பாக நில்), தேஸ் சல் (விரைந்து நட), தம் (நில்), பீச்சே முட் (பின்னால் திரும்பு) என்னும் இந்திக் கட்டளைகள். தேர்வைத் தமிழில் எழுத வழி செய்தவர்களுக்கு, இவற்றைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு தாளில் அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்க ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் ‘பயிற்சியாளர்’ கடை விரிக்கிறார்.

இத்தகையவர்கள் மொழிப் பயிற்சியோடு நிற்பதில்லை. ‘மெடிக்கலில் ஆள் இருக்கிறது’ என்பார்கள், பத்தாம் வகுப்பு அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பையன் தன் கால் பலத்தால் தேறினால் தங்களால்தான் என்று முழுத்தொகையையும் எடுத்துக்கொள்வார்கள், தேறாவிட்டால் பாதியைத் திருப்பிக் கொடுத்து நேர்மையாளர் என்ற பெயரையும் சம்பாதிப்பார்கள். அசல் சான்றிதழை எவரிடமும் கொடுக்காதீர்கள்; விண்ணப்பத்தின் கடவுச்சொல்லையும் சொல்லாதீர்கள்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அங்கே அழைத்துப் போய்க் கேளுங்கள். அந்தக் கட்டளைகளை நடந்து காட்டியே சொல்லிக் கொடுப்பார்கள்.