எல்லாவற்றையும் திருத்தும் மேலாளர்

நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் திருத்தும் உங்கள் மேலாளர் மோசமானவரா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து அவரை மோசமானவர் என்று முடிவுகட்ட முடியாது. திருத்தத்துக்கான காரணத்தைச் சொல்கிறாரா, மாதங்கள் செல்லச் செல்லத் திருத்தங்கள் குறைகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூகுள் 2008-இல் தொடங்கிய புராஜெக்ட் ஆக்சிஜன் ஆய்வு வரிசைப்படுத்திய, நல்ல மேலாளருக்குரிய 8 பண்புகளில் முதலாவது, நல்ல பயிற்றுநராக இருப்பது. இரண்டாவது, நுணுகி நுணுகித் தலையிடாமல் பொறுப்பை ஒப்படைப்பது.

அவர் அண்மையில்தான் பதவி உயர்வு பெற்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்றுவரை தாமே செய்த வேலையைப் பிறர் கையில் விட மனம் வராததே காரணமாக இருக்கலாம். இத்தகையவர்களிடம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை (உங்களுக்கு எரிச்சல் என்னவோ ஒன்றுதான்).

கடைசியாகத் திருத்தப்பட்ட 10 மின்னஞ்சல்களை எடுத்து, தகவல் பிழை, வெறும் சொல் மாற்றம் என்று பிரித்துப் பாருங்கள். "இத்துடன் இணைத்துள்ளேன்" என்பது "இணைப்பைக் காண்க" என்று மாறியது போன்றவையே மிகுதி என்றால், அந்தப் பட்டியலுடன் அவரைத் தனியே சந்தித்து, எவ்வகைக் கடிதங்களை இனி நேரடியாக அனுப்பலாம் என்று கேளுங்கள்.

ஒப்பந்தக் கடிதங்களை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றை இருவர் பார்ப்பது முறைதான். பாராட்டைத் தமக்கும் பழியை உங்களுக்கும் ஒதுக்குபவர் என்றால், இந்த வழி பயன்படாது.